சாவி நெல்லும் மகரந்தத்தின் வழியும்

திருப்பரங்குன்றத்தைச் சூழ்ந்த ஊர்களில் வீடுகள் பெருகி வயல்கள் சுருங்கிவிட்ட போதிலும், நிலையூர்க் கண்மாய், தென்கால் கண்மாய் முதலியவற்றின் நீரை நம்பி நெல் பயிரிடும் குடியானவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கதிர் பழுத்து அறுவடை முடிந்து நெல்லைத் தூற்றும்பொழுது, எத்தனை மூட்டை கண்டது என்பதற்கு முன்னால் அவர்கள் கண் செல்லுமிடம் காற்று ஒதுக்கிய பதர்க் குவியலே. உழுதது, நாற்று விட்டது, நட்டது, உரமிட்டது, களை எடுத்தது எல்லாம் ஒன்றுபோலச் செய்த இரண்டு வயல்களில் ஒன்று மணியாகவும் மற்றொன்று பாதிக்குப் பாதி சாவியாகவும் போவதுண்டு. பயிர் பச்சென்று நின்றது. கதிரும் நீளமாகவே வந்தது. உமிக்குள் அரிசி மட்டும் இல்லை.

இவ்வாறு நேரிடுவதற்குப் பூச்சியும் நோயும் காரணமாவதை யாவரும் அறிவர். தண்டுத் துளைப்பான் விழுந்த கதிர் முழுதும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். கழுத்துக் குலைநோய் கண்ட கதிர் கணுவில் கறுத்து ஒடியும். கதிர்நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சிய நெல்லில் துளையும் கறையும் இருக்கும். இவற்றில் ஒன்றும் காணப்படாமல், உமியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கடுகிலும் சிறிய காய்ந்த பிஞ்சு மட்டும் ஒட்டிக் கொண்டிருக்குமாயின், அந்நெல் ஒரு நாளும் கருவுறவே இல்லை என்று அறியலாம். அதாவது, ஆண் அணு வந்து சேர வேண்டிய வேளையில் வந்து சேரவில்லை. அவ்வணு எங்கே உண்டாகிறது, எவ்வழியே செல்கிறது, எவ்விடத்தில் தடைப்படுகிறது என்பவை பள்ளிக்கூடத்துப் பாடமாக மட்டும் இருக்கத்தக்கவை அல்ல. ஏனெனில் வயலில் மூட்டைக் கணக்கை அவையே தீர்மானிக்கின்றன.

செடிகளில் ஆண் பெண் என்ற பேதம் உண்டு என்பதை நம் நாட்டார் நெடுங்காலமாகவே கண்டிருந்தனர். ஆண் பனை காய்ப்பதில்லை, பெண் பனையே நுங்கு தருகிறது என்பதை அறியாத சிறுவனும் தென்பாண்டிச் சீமையில் இல்லை. பாபிலோனியரும் அவர்களை அடுத்த நாட்டாரும் ஆண் பேரீச்சையின் பாளையைக் கொண்டுபோய்ப் பெண் மரத்தில் கட்டிக் காய் பிடிக்கச் செய்து வந்தனர். ஆயினும் சோதித்து நிலைநாட்டியவர் ஜெர்மனியில் டியூபிங்கன் நகரத்துப் பேராசிரியராயிருந்த கமராரியுஸ் என்பவர். அவர் எடுத்துக்கொண்ட செடிகளுள் ஒன்று நமது மானாவாரி நிலத்து ஆமணக்கு. ஆமணக்கின் குலையில் ஆண் பூக்கள் கீழும் பெண் பூக்கள் மேலுமாக வெவ்வேறாக நிற்பதால் இச்சோதனைக்கு அது மிகவும் ஏற்றது. ஆண் பூக்களை மலருமுன் கிள்ளியெறிந்தார். காய் நல்ல விதையின்றி வற்றிப்போயிற்று. இதை 1694-ஆம் ஆண்டில் ஒரு கடித வடிவமாக வெளியிட்டார்.

மகரந்தம் வேண்டும் என்பது தெரிந்ததே தவிர, அத்தூள் என்ன செய்கிறது என்பது அதன் பின்னரும் 130 ஆண்டுகள் விளங்கவில்லை. தூளிலிருந்து ஒருவித ஆவி எழுந்து சூலைத் தீண்டுகிறது என்று கூடச் சிலர் எண்ணினர். இத்தாலி தேசத்து அமிச்சி என்பவர் பூதக்கண்ணாடிகள் செய்வதில் வல்லவர். பருப்புக்கீரைச் செடியின் பூவொன்றைத் தமது கண்ணாடியில் வைத்துப் பார்க்கும்போது, சூல்முடியின் மேல் விழுந்த ஒரு மகரந்தத்தூளினின்றும் மெல்லிய குழாய் ஒன்று நீண்டு உள்ளே இறங்குவதைக் கண்டு 1824-ஆம் ஆண்டில் எழுதினார். வேறு பொருளைத் தேடியவருக்கு இது தற்செயலாகக் கிடைத்த காட்சி. அதன் பிறகே மகரந்தம் வெறும் தூள் அன்று, முளைக்கும் தன்மையுள்ள உயிர்ப்பொருள் என்பது தெளிவாயிற்று.

ஒரு மகரந்தத்தூளைச் சாதாரணமாக ஆண் அணு என்று சொல்லிவிடுவது வழக்கம், அது சரியன்று. தூள் என்பது வாகனம். அதனுள் ஒரு பெரிய அணுவும், அவ்வணுவினுள் பொதிந்தாற்போல் ஒரு சிறிய அணுவும் உள்ளன. பெரியது குழாயாக நீளும் வேலையைச் செய்கிறது. சிறியது இரண்டாகப் பிரிந்து இரண்டு ஆண் அணுக்கள் ஆகிறது. உண்மையான ஆண் அணுக்கள் இவ்விரண்டே. சில செடிகளில் இப்பிரிவு குழாய் நீளும்போது நடைபெறும். நெல், கம்பு, சோளம் முதலிய புல்லினங்களிலும் கடுகினங்களிலும் சூரியகாந்தியிலும் மகரந்தப்பை வெடிக்குமுன்பே இது நடந்து முடிந்திருக்கும். இவ்வாறு மூன்று அணுக்களுடன் வெளிவரும் தூள் பெரும்பாலும் அற்பாயுள் உடையது. நெல்லின் மகரந்தம் வெளியே வந்து சில நிமிஷங்களுக்குள் பயன்பட்டால் உண்டு, இல்லையேல் இல்லை. பேரீச்சை மகரந்தத்தையோ உலர்த்தி மாதக்கணக்கில் வைத்திருந்து உபயோகிக்கிறார்கள்.

இவ்வணுக்களைப் பற்றி மற்றொரு விசேஷமும் உண்டு. அவற்றுக்கு நீந்தும் சக்தி கிடையாது. கார்த்திகை மழைக்குப் பின் குன்றின் நிழற்புறத்துப் பாறைகளில் பச்சைக் கம்பளமாய்ப் படரும் பாசியினத்துக்கு அந்தச் சக்தி உண்டு. அதன் ஆண் அணு வாலுடையது. பாறையில் தேங்கிய ஒரு துளி நீரில் நீந்திப் பெண் அணுவை அடைகிறது. பெரணிச் செடிகளும் அப்படியே. ஆகையால் அவை ஈரமில்லாத இடத்தில் இனம் பெருக்க மாட்டா. சைக்கஸ் என்னும் பழைய ஜாதி மரங்களில் குழாயும் உண்டு, நீந்தும் அணுவும் உண்டு. ஜப்பானில் 1896-ஆம் ஆண்டில் ஹிராசே என்பவர் கிங்கோ மரத்திலும், இக்கெனோ என்பவர் சைக்கஸ் மரத்திலும் நீந்தும் ஆண் அணுக்களைக் கண்டுபிடித்தபோது தாவர சாஸ்திர உலகமே வியந்தது. பூக்கும் செடிகள் நீச்சலை அடியோடு விட்டுவிட்டன. அவற்றின் ஆண் அணுக்களைக் குழாயே சுமந்து சென்று சேர்ப்பிக்கிறது. வறண்ட மதுரைச் சமவெளியில் கம்பும் சோளமும் விளைவதற்கு இவ்வேற்பாடும் ஒரு காரணம் எனலாம்.

இனி நெற்பூவுக்கு வருவோம். கதிர் வெளிப்பட்டவுடன் நுனியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பூக்கள் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒரு கதிர் பூத்து முடிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். திறக்கும் நேரம் பெரும்பாலும் காலை ஒன்பது மணி முதல் உச்சிப்பொழுதுக்கு முன். உமியிரண்டும் அகலும் தருணத்திலேயே ஆறு மகரந்தப்பைகளும் வெடித்துத் தூளைத் தம் பூவின் இறகு போன்ற சூல்முடிகளின் மீதே சிந்திவிடுகின்றன. இதனாலேயே நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிராக இருக்கிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் உமி மீண்டும் மூடிக்கொள்ளும். வெளியே தொங்கும் வெளிறிய மகரந்தப்பைகளைக் கண்டு, பயிர் இப்போதுதான் பூக்கிறது என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் அப்பூவின் காரியம் அதற்குள் முடிந்துவிட்டது.

சூல்முடியில் விழுந்த தூள் அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சில நிமிஷங்களில் குழாய் விடுகிறது. சூல்தண்டின் திசுக்களினூடே அக்குழாய் வழி செய்துகொண்டு இறங்குகிறது. அதன் நுனி மட்டுமே வளரும். பின்னே காலியான பகுதி அடைப்புப் போட்டு மூடப்படும். உயிர்ப்பொருளும் இரண்டு ஆண் அணுக்களும் நுனியை ஒட்டியே செல்கின்றன. நெல்லில் இப்பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். மக்காச்சோளத்திலோ ஒரு சாண் நீளமுள்ள பட்டிழை முழுதையும் ஒரே தூளின் குழாய் கடந்தாக வேண்டும். அதையும் ஒரு நாளுக்குள் கடந்துவிடுகிறது.

இருளில் செல்லும் குழாய்க்கு வழி காட்டுவது எது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. சூலுக்குள் முட்டையணுவின் பக்கத்தில் இரண்டு துணையணுக்கள் உண்டு. அவற்றினின்று கசியும் ஒருவகைப் புரதமே குழாயை அழைக்கிறது என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிகாஷியாமாவும் அவருடைய கூட்டத்தாரும் டோரேனியா என்னும் அழகுச் செடியில் சோதித்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வந்த குழாய் துணையணு ஒன்றினுள் புகுந்து வெடிக்கும். இரண்டு ஆண் அணுக்களும் அவ்விடத்தில் விடுபடும். ஒரு குழாய் வந்து காரியம் முடிந்ததும் அழைப்பு நின்றுபோகும். வந்த குழாயிலுள்ள அணுக்கள் பழுதுபட்டுக் கருவுறாமற்போனால் மட்டும், மிச்சமுள்ள துணையணு இரண்டாம் குழாயை அழைக்கும். இயற்கை எவ்வளவு சிக்கனமாகவும் எவ்வளவு முன்யோசனையோடும் வேலை செய்கிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

விடுபட்ட இரண்டும் இரு வேறு வேலைக்குச் செல்லுகின்றன. ஓர் ஆண் அணு முட்டையணுவோடு கலந்து முளையாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள இரு கருக்களோடு சேர்ந்து, முளைக்கு உணவாகும் வெண்தசையை உண்டாக்குகிறது. ரஷியத் தாவர சாஸ்திரி நவாஷின் இதை லில்லிப் பூவினத்தில் கண்டு 1898-ஆம் ஆண்டில் அறிவித்தார்; பிரெஞ்சுக்காரரான கின்யார் அடுத்த ஆண்டில் தனியே கண்டு வெளியிட்டார். இது ஏதோ நுட்பமான சங்கதி, குடியானவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று எண்ணலாகாது. உண்ணும் சோறு முழுதும் இந்த இரண்டாவது ஆண் அணுவின் சந்ததியே. நெல்லின் உடலணுவில் 24 நிறக்கோல்கள். ஆண் அணுவில் 12. வெண்தசையில் தாய்வழி 24-ம் தந்தைவழி 12-ம் ஆக 36. தேங்காய்ப் பருப்பும் இளநீரும் இவ்வண்ணமே உண்டானவை. வெள்ளை மக்காச்சோளம் பயிரிட்ட வயலில் அயல் வயலின் மஞ்சள் மக்காச்சோளத்து மகரந்தம் பறந்து விழுந்தால், அதே கதிரில் மஞ்சள் மணிகள் இடையிடையே தோன்றுவதும் இதனாலேயே. தந்தையின் குணம் அடுத்த போகத்துக்குக் காத்திராமல் அப்போதே மணியில் தெரிகிறது.

ஆக, நெல் சாவியாவதற்கு இப்பயணத்தின் எந்தக் கட்டத்தில் தடை ஏற்பட்டாலும் போதும். நடைமுறையில் இரண்டு கட்டங்களே பெரும்பாலும் கெடுகின்றன.

முதற்கட்டம் கண்ணுக்குத் தெரியாதது. கதிர் வெளிவருவதற்கு ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள் முன்னதாக, பயிர் பொதியிலிருக்கும்போது, மகரந்தப்பையினுள் தாயணுக்கள் பிரிந்து தூள்கள் உருவாகின்றன. அச்சமயம் நிலம் வறண்டால் தூளுக்குள் மாவு சேராது. பெண் பாகம் அவ்வறட்சியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆண் பாகம் தாங்காது. பின்னர் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் கெட்ட தூள் நல்ல தூளாக மாறாது. கண்மாயின் கடைமடையில் முறைத் தண்ணீர் நாலு நாள் தள்ளிப்போய், பயிர் வாடி, பிறகு தெளிந்து, கதிரும் குறையின்றிப் பறிந்து, கடைசியில் சாவியாகும் விந்தைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். பயிர் தெளிந்துவிட்டதே என்று மகிழ்ந்தவர் களத்தில் ஏமாறுகிறார். கண்மாயில் உள்ள நீர் ஒரே ஒரு நனைப்புக்குத்தான் போதும் என்ற நிலை வருமானால், தூர்ப் பருவத்தில் அதைச் செலவிட்டுவிடாமல் பொதிக்கும் பூவுக்கும் வைத்துக்கொள்வதே உசிதம். தூர் கட்டும் பருவத்தில் சில நாள் நிலம் காய்வதால் நேரும் நஷ்டம் இதனோடு ஒப்பிட அற்பமே.

மகரந்தம் நன்றாயிருக்கிறதா என்பதைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. காலையில் திறக்கவிருக்கும் பூவின் மகரந்தப்பையை ஒரு சொட்டு அயோடின் கரைசலில் நசுக்கிச் சாதாரண பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். மாவு நிறைந்த தூள் உருண்டையாய்க் கருநீலமாகக் காணும். மலட்டுத் தூள் மஞ்சளாய்ச் சுருங்கிக் கிடக்கும். மேல்நிலைப்பள்ளிச் சோதனைச் சாலையில் இரண்டும் இருக்கும். பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்விக்கலாம்.

இரண்டாம் கட்டம் பூ திறக்கும் நேரம். அந்நேரத்தில் உஷ்ணம் 35 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் மகரந்தப்பைகள் சரிவர வெடிப்பதில்லை; வெடித்தாலும் சூல்முடியில் விழும் தூள் குறைவு; விழுந்த தூளும் முளைப்பதில்லை. மதுரைப் பக்கத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் உஷ்ணம் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகையால் கோடை நெல் அம்மாதங்களில் பூக்குமாறு விதைப்பது சூதாட்டத்துக்கு ஒப்பாகும். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செய்த சோதனைகளால் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று வெளிப்பட்டது: பூ திறந்து ஒரு மணி நேரம் கழித்து வரும் வெப்பம் கருவுறுதலை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதற்குள் குழாய் சூலை அடைந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் முந்திப் பூக்கும் நெல் கிடைத்தால் கோடையின் கொடுமையினின்று தப்பலாம் என்று கருதியே, விடியற்காலையில் மலரும் காட்டுநெல் ஒன்றின் அக்குணத்தைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவரும் முயற்சி அந்நிலையத்தில் நடைபெற்றது. நமது தேசத்து நாகினா 22 என்னும் பழைய ரகமும் பூக்கும் காலத்து வெப்பத்தைத் தாங்குவதில் உலகப் புகழ் பெற்றதாகும்.

ஐப்பசி கார்த்திகை மழைக்கும் இதே கதைதான், காரணம் வேறு. மழை நாளில் பூ சரியாகத் திறவாது. திறந்த பூவில் நீர் புகுந்தால் தூள் அளவுக்கு மிஞ்சி நீரை உறிஞ்சி வெடித்துப் போகும். பருவத்தை மாற்ற மனிதனால் ஆகாது. விதைப்பு நாளை மாற்ற ஆகும். மருந்து தெளிப்பதாயினும், பூப்பருவத்தில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு மணிக்குள் தெளிக்காமல் பிற்பகலில் தெளிப்பது நலம். இதற்குக் காசு செலவு ஒன்றுமில்லை. ஆயினும் செய்கிறவர் குறைவு.

ஆண் அணுவைத் தடுப்பது கேடு என்று இதுவரை சொல்லப்பட்டது. வேண்டுமென்றே தடுத்துப் பெரும் பயன் அடைந்ததும் உண்டு. முட்டையணுவுக்குள் புகும் ஆண் அணு பெரும்பாலும் தன் கருவை மட்டுமே வழங்குகிறது. கருவைச் சூழ்ந்த உயிர்ப்பொருள் தாய்வழியே வருவது. இவ்வுயிர்ப்பொருளில் ஒரு கோளாறு இருந்து அதனால் மகரந்தம் மலடாகுமானால், அக்குணம் தாய்வழியே தலைமுறை தலைமுறையாகத் தொடரும். அப்படிப்பட்ட செடியின் பூவில் பெண் பாகம் குறையற்றது. ஆகவே அதன் அருகே வேறொரு நல்ல ரகத்தை நட்டால், கையால் பூவைத் திறந்து மகரந்தப்பைகளைப் பிடுங்க வேண்டிய அவசியமின்றி, விளையும் விதை யாவும் ஒட்டு விதையாகவே இருக்கும். அமெரிக்காவில் ஜியார்ஜியா நாட்டில் பர்ட்டன் என்பவர் கண்டெடுத்த ஆண் மலட்டுக் கம்பைக் கொண்டு, லூதியானாவில் அத்வால் என்பவர் உண்டாக்கிய ஒட்டுக் கம்பு 1965-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சீன தேசத்தில் யுவான் லாங்பிங் என்பவரது கூட்டத்தார் 1970-ஆம் ஆண்டில் ஹைனான் தீவில் கிடைத்த ஆண் மலட்டுக் காட்டுநெல்லைக் கொண்டு ஒட்டு நெல்லை உருவாக்கினர். தமிழ்நாட்டில் 1994-ல் கோயம்புத்தூரிலிருந்து ஒட்டு நெல் ரகம் வெளியிடப்பட்டது. இவ்விதை உற்பத்தி வயல்களில் காலைப் பூ திறக்கும் வேளையில் இருவர் கயிற்றைப் பிடித்துக் கதிர்களின் மேல் இழுத்துச் செல்வதைக் காணலாம். ஆண் வரிசையின் தூளை எழுப்பிப் பெண் வரிசையின் மேல் விழச் செய்வதே அதன் நோக்கம். சில நிமிஷமே உயிர் தரிக்கும் தூளானதால் நேரம் தவறினால் கயிறு இழுத்தும் பயனில்லை. ஒட்டு ரகத்தின் அறுவடையை மறுபடியும் விதையாக வைத்துக்கொள்ளலாகாது என்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது: அடுத்த தலைமுறையில் ஆண் அணுக்களும் பெண் அணுக்களும் பல தினுசாகப் பிரிந்து கலக்குமாதலால் பயிர் ஒன்றுபோல் வாராது.

கம்பைப் பற்றி ஒரு சொல். அதன் கதிரில் சூல்முடிகள் முதலில் வெளிவந்து, இரண்டு மூன்று நாள் கழித்தே மகரந்தப்பைகள் வரும். எனவே அது அயல் மகரந்தத்தையே எதிர்பார்த்து நிற்கிறது. காத்திருக்கும் அச்சூல்முடிகளின் வழியாகவே தேன் ஒழுகல் நோயின் வித்தும் புகுந்து, மகரந்தக் குழாய் செல்லும் தடத்திலேயே சூற்பையை அடைகிறது. மகரந்தம் முந்திக்கொண்டால் சூல்முடி வாடி நோய்க்கு வழி அடைபடும். நோய் முந்திக்கொண்டால் மணிக்குப் பதில் பிசின் போன்ற தேன் வடியும். ஒரே வயலில் கம்பு ஒரே சீராகப் பூத்து மகரந்தம் நிறைந்திருக்கும்போது நோய் குறைவாயிருப்பது இதனாலேயே.

தென்னையில் நமது மாகாணத்தாருக்கு உரிய பெருமை ஒன்று உண்டு. நெட்டைத் தென்னையின் பாளையில் ஆண் பூக்கள் ஏறக்குறைய மூன்று வாரம் தூளைச் சிந்தி உதிர்ந்த பின்னரே அப்பாளையின் பெண் பூக்கள் பக்குவமாகின்றன. ஆகையால் மரம் தன் மகரந்தத்தைத் தானே பெறுவது அரிது. இதை அறிந்து, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நீலேசுவரம் ஆராய்ச்சிப் பண்ணையில் ஜே. எஸ். படேல் என்பவர் 1932-ஆம் ஆண்டில் நெட்டையின் பெண் பூவில் குட்டைத் தென்னையின் மகரந்தத்தை இட்டு ஒட்டுத் தென்னையை உண்டாக்கினார். அது நெட்டையிலும் சீக்கிரமாகக் காய்த்தது, அதிகமாகவும் காய்த்தது. தென்னையில் இத்தகைய ஒட்டு வீரியம் உண்டு என்பது உலகுக்குத் தெரிந்தது இவ்வாறுதான். பாளையில் ஏறி, ஆண் பூக்களை நறுக்கி, பையிட்டுக் கட்டி, குறித்த நாளில் மீண்டும் ஏறி மகரந்தம் தூவும் அவ்வேலையின் உழைப்பை மரமேறியவர்களே அறிவர்.

தாவரக் கருவியலில் இந்தியர் அடைந்த புகழுக்கு மூலபுருஷர் டில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பஞ்சானன் மகேசுவரி ஆவார். 1950-ஆம் ஆண்டில் வெளியான அவரது கருவியல் நூல் பல தேசங்களிலும் பாடநூலாக விளங்கியது. அவரது சோதனைச் சாலையில் 1962-ல் கசகசாச் செடியின் சூல்களைக் கண்ணாடிக் குழாயில் வைத்து, அவற்றின்மேல் மகரந்தத்தைத் தூவி, அங்கேயே கருவுறச் செய்து விதையும் கண்டனர். சூல்முடியும் சூல்தண்டும் இல்லாமலே காரியம் நடந்தது. அதனினும் வியப்பானது 1964-ல் அப்பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. சிப்ரா குகா என்னும் அம்மையாரும் சதீஷ் சந்திர மகேசுவரியும், வேலியோரத்தில் யாரும் சீந்தாத ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் மகரந்தப்பைகளை உணவுக் கூழில் வளர்த்தபோது, பைக்குள்ளிருந்து சிறு சிறு முளைகள் வெளிப்பட்டன. அவை மகரந்தத்தூளிலிருந்தே பிறந்தவை என்பது பின்னர் உறுதியாயிற்று. பெண் அணுவைச் சேராமல், ஆண்வழி நிறக்கோல்கள் மட்டும் கொண்ட செடி! அத்தகைய செடியின் நிறக்கோல்களை இரட்டித்தால் ஒரே தலைமுறையில் கலப்பற்ற ரகம் கிடைக்கும். ஏழெட்டுத் தலைமுறை பொறுக்கும் காலம் மிச்சமாகும். 1968-ல் ஜப்பானியர் நெல்லிலும் இதைச் செய்தனர். பல நாடுகளில் நெல், கோதுமை, வாற்கோதுமை ரகங்கள் இம்முறையால் வந்துள்ளன.

வீட்டுப் புறக்கடையிலும் இவ்விஷயம் உதவும். பூசணி, சுரை, பீர்க்கு, புடல், பாகல் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. கொடி நிறையப் பூத்தும் பிஞ்சு பழுத்து உதிருமானால் உரக்குறை என்று எண்ணுவதற்கு முன், வண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் கட்டடங்கள் எழுந்துவிட்ட இடங்களில் வண்டும் விட்டிலும் அருகிவிட்டன. பூசணியும் பாகலும் விடியற்காலையில் திறப்பவை. சுரையும் பீர்க்கும் புடலும் அந்தி சாயும் வேளையில் திறப்பவை. அதனதன் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் களைந்து, தூளுள்ள நடுப்பாகத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவினால் போதும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு தூள் வேண்டும். ஆகவே தடவுவதில் லோபம் கூடாது. தூள் போதாமற்போன காய் ஒருபுறம் பருத்து மறுபுறம் சூம்பிக் கோணலாகும். ஆண் பெண் தனித்தனியான பப்பாளி ரகங்களைப் பயிரிடுவோர், பூத்தவுடன் ஆண் மரங்களையெல்லாம் ஆத்திரத்தோடு வெட்டிவிடாமல் 15 முதல் 20 பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் வீதம் விட்டுவைக்க வேண்டும்.

இத்தனைக்கும் விலக்காக நிற்பது இப்பக்கத்தின் கீர்த்தி பெற்ற பயிர். திருப்பரங்குன்றம், அவனியாபுரம், திருமங்கலம் வட்டாரங்களில் பயிராகி, 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியில் விதை பிடிப்பதில்லை என்றே சொல்லலாம். இராமநாதபுரம் சீமையிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து வரும் பதியன்களையும் குச்சிக் கன்றுகளையும் கொண்டே தோட்டங்கள் அமைகின்றன. அதன் மகரந்தம் எவ்வழியும் செல்ல இடமில்லை. மாலையில் மலரவேண்டிய மொட்டு விடியுமுன்பே பறிக்கப்பட்டுச் சந்தைக்குப் போய்விடுகிறது. விதை பிடிக்காத பயிரில் இரு ரகங்களைக் கலந்து புது ரகம் காண்பது கடினமாதலால், தோட்டத்தில் தற்செயலாகத் தோன்றும் நல்ல செடியைப் பொறுக்கிக் குச்சி வெட்டிப் பெருக்குவதே முக்கிய வழியாக இருந்து வருகிறது. ஆகவே, மற்ற செடிகள் ஓய்ந்திருக்கும் காலத்தில் மொட்டு விடும் செடியோ, மொட்டுப்புழு கண்டும் தாக்குப் பிடிக்கும் செடியோ ஒன்று தோட்டத்தில் தென்பட்டால், அதற்கு ஒரு கயிற்றைக் கட்டி அடையாளம் வைத்து, ஒத்தக்கடையிலுள்ள விவசாயக் கல்லூரியாருக்கோ வட்டாரத் தோட்டக்கலை அதிகாரிக்கோ தெரிவிக்கலாம். கவாத்து செய்யும்போது அதன் குச்சிகளை மற்றவற்றோடு கலந்துவிடாமல் தனியே நட்டு வைக்க வேண்டும்.